ஆறு வருடம் மண்ணில் கிடக்கும் வேர் – ஜின்செங்

குறுவை நெல் போட்டவர் நான்கு மாதத்தில் களத்து மேட்டைப் பார்த்து விடுகிறார். கரும்பு போட்டவருக்கு ஒரு வருடம். தென்னை வைத்தவர் ஐந்தாறு வருடம் பொறுத்திருக்க வேண்டும் என்றாலும், காய்க்கத் தொடங்கினால் பேரன் காலம் வரை காய்க்கும். ஆறு வருடம் காத்திருந்து, ஒரே ஒரு தடவை தோண்டி எடுத்துவிட்டு, அதன்பின் அதே நிலத்தில் பத்து வருடத்திற்கு மேல் அந்தப் பயிரை நினைத்தும் பார்க்க முடியாத சாகுபடி ஒன்று உண்டு. அதுதான் கொரியா நாட்டின் ஜின்செங்.

மருந்துக் கடைகளில் 'ஜின்செங்' என்ற பெயரை இப்போது நம் ஊர்களிலும் அடிக்கடி காண்கிறோம். சத்து மாத்திரை டப்பாக்களில் அந்தப் பெயர் இருக்கிறது. நம் அமுக்கராவையே 'இந்திய ஜின்செங்' என்று சொல்லி விற்கின்றனர். இந்த வேர் எது, அதற்கு ஏன் இத்தனை விலை, எப்படிப் பயிராகிறது, நம் நிலத்திற்கு அது வருமா என்பவற்றை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெயரை நம்பிப் பணம் போடுவதற்கு முன் தெரிந்து கொண்டால் இன்னும் நல்லது.

மனித உருவில் ஒரு கிழங்கு

ஜின்செங் முழங்கால் உயரமே வளரும் சிறு செடி. கொரியாவிலும், சீனாவின் வடகிழக்கு மலைகளிலும், அதை ஒட்டிய ரஷ்யப் பகுதியிலும் பெரிய மரங்களின் நிழலில் தானாக வளர்ந்து வந்தது. குளிர் தொடங்கியதும் தண்டும் இலையும் பட்டுப்போகும். மண்ணுக்குள் வேர் மட்டும் உறங்கும். வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். முதிர்ந்த வேர் இரண்டாகக் கிளைத்து, கைகால் விரித்த மனிதன் போல் தோன்றும். சீனர்கள் அதை 'ரென்ஷென்' என்றும், கொரியர்கள் 'இன்சாம்' என்றும் அழைக்கின்றனர். இரண்டு பெயரிலும் முதல் பாதிக்கு மனிதன் என்று பொருள். தாவர நூலில் இதன் இனப்பெயர் 'பானக்ஸ்'. எல்லா நோய்க்கும் மருந்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. பெயர் வைத்தவர்களுக்கே ஆசை கொஞ்சம் அதிகம்தான்.

இந்தச் செடியின் வயதை யாரும் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. முதல் வருடத்தில் மூன்று சிற்றிலைகள் மட்டும் வரும். இரண்டாம் வருடம் ஐந்து சிற்றிலைகள் கொண்ட ஒரே இலை, இலவ மரத்து இலை போல் விரிந்து நிற்கும். மூன்றாம் வருடம் அப்படிப்பட்ட இலைகள் இரண்டு. நான்காம் வருடம் மூன்று. ஆறாம் வருடத்தில் ஐந்து அல்லது ஆறு இலைகள் இருக்கும். தோண்டி எடுத்த பிறகும் வயதை மறைக்க முடியாது. வருடா வருடம் தண்டு பட்டுப்போன இடத்தில் ஒவ்வொரு தழும்பு வேரின் கழுத்தில் நின்றுவிடும். மாட்டின் கொம்பு வளையத்தை எண்ணுவது போல வியாபாரி அதை எண்ணிப் பார்க்கிறார். ஆறு வருடம் என்று சொல்லி நாலு வருட வேரைத் தேர்ந்த வியாபாரியின் தலையில் கட்டுவது எளிதல்ல.

கொரிய விவசாயியின் பாடு

தென்கொரியாவில் கும்சான் என்ற ஊர் ஜின்செங்கிற்குப் பேர் போனது. நாட்டின் மிகப் பெரிய ஜின்செங் சந்தை அங்கேதான். அவ்வூரின் பழைய சாகுபடி முறையை உலகின் முக்கிய வேளாண் மரபுகளில் ஒன்றாக 2018இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அங்குள்ள முறையைப் படிப்படியாகப் பார்த்தால் விலையின் காரணம் தானே விளங்கும்.

முதலில் நிலம். ஜின்செங் வைப்பதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு வருடம் அந்த நிலத்தில் வேறு வருமானம் பார்ப்பதில்லை. பசுந்தாள் பயிர் விதைத்து மடக்கி உழுகிறார்கள். புல் பூண்டு வேர்கள் மக்கிப் போகும் வரை பல சால் ஓட்டுகிறார்கள். இந்த வேருக்குப் பச்சை எருவும் ஆகாது, அள்ளிப் போட்ட உரமும் ஆகாது.

அடுத்தது விதை. செடி மூன்றாம் வருடம் முதல் பூத்தாலும், பெரும்பாலும் நான்கு வருடச் செடியிலிருந்துதான் விதை எடுக்கின்றனர். மற்ற வருடங்களில் பூங்கொத்தைக் கிள்ளி விடுவர், சத்து வேருக்கு இறங்கட்டும் என்று. சிவந்த பழத்தைக் கசக்கி எடுத்த விதையை உடனே விதைத்தால் முளைக்காது. அதன் உள்ளே முளைக்கரு முற்றியிருக்காது. மணலோடு கலந்து, நாள்தோறும் நீர் தெளித்து, நூறு நாள் அளவுக்கு வைத்திருந்து, ஓடு வாய் பிளந்த பிறகே நாற்றங்காலில் தூவுகின்றனர். அதன் பிறகும் ஒரு குளிர்காலம் மண்ணில் கிடந்தால்தான் முளை வெளியே வரும்.

ஒரு வயது நாற்றைப் பிடுங்கி, மேடான பாத்தியில் சற்றுச் சாய்வாக நடுகிறார்கள். நட்ட கையோடு பந்தல். நேர் வெயில் பட்டால் இலை கருகிப் போகும். பாத்திகளைக் கிழக்கு மேற்காக அமைத்து, வடக்கே உயரமும் தெற்கே தாழ்வுமாகச் சாய்ப்புக் கூரை போடுவர். காலை வெளிச்சம் நுழையும். உச்சி வெயில் நுழையாது. முன்பு வைக்கோல் வேய்ந்தார்கள், இப்போது நிழல் வலையும் பாலிதீன் விரிப்பும் போடுகிறார்கள். கும்சான் பக்கத்துக் குன்றுச் சரிவுகளில் வரிசை வரிசையாகத் தெரியும் கறுப்புக் கூரைகள் வீடுகள் அல்ல, வயல்கள். ஒவ்வொரு பருவத்திலும் இந்தப் பந்தலைப் பழுது பார்க்க வேண்டும். பனி கனத்துப் பெய்தால் கூரையே அமிழ்ந்து விடும்.

இத்தனைக்கும் நடுவில் வேர் அழுகல் நோய் இருக்கிறது. மண்ணில் வாழும் பூஞ்சாணங்களால் வருவது. நான்காம் வருடம், ஐந்தாம் வருடம் வரை நன்றாக இருந்த பாத்தி திடீரென்று வாடும். தோண்டிப் பார்த்தால் வேர் கறுத்துக் குழைந்திருக்கும். போட்ட முதல் மண்ணோடு போயிற்று. அறுவடைக்குப் பிறகும் இந்தப் பூஞ்சாணம் மண்ணில் தங்கிவிடுவதால்தான் அதே இடத்தில் பத்து, பதினைந்து வருடம் ஜின்செங் திரும்ப வருவதில்லை. நெல் வயலாக மாற்றித் தண்ணீர் கட்டி வைத்தால் இந்த இடைவெளி குறையும் என்பதை அங்குள்ள விவசாயிகள் கண்டிருக்கின்றனர். அதனால் சொந்த நிலம் குறைவாக உள்ளவர்கள் ஊர் விட்டு ஊர் போய்க் குத்தகைக்கு நிலம் தேடுகிறார்கள்.

ஐந்தாம், ஆறாம் வருடத்தில் திருட்டுப் பயமும் சேர்ந்து கொள்ளும். ஒரே இரவில் ஒரு பாத்தியைத் தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் கொல்லைக்குக் காவல் போடுகிறார்கள், கண்காணிப்புக் கேமராவும் வைக்கிறார்கள்.

இவ்வளவு இடர் உள்ள பயிரைச் சாதாரண விவசாயி எப்படித் துணிந்து வைக்கிறார் என்று கேட்கலாம். அங்கே பெரிய பதப்படுத்தும் ஆலைகள் நடவுக்கு முன்பே மண்ணைச் சோதித்து, விவசாயியோடு ஆறு வருட ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. இடையில் வந்து பயிரையும் பார்க்கின்றன. வாங்குபவர் யார் என்பது விதைக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

வெள்ளையும் சிவப்பும்

பச்சை வேரில் முக்கால் பங்கு தண்ணீர். அப்படியே வைத்தால் சில நாளில் கெட்டுவிடும். எனவே இரு வகையாகப் பதப்படுத்துகின்றனர். மேல் தோலைச் சீவி வெயிலில் காய வைப்பது வெள்ளை ஜின்செங். தோலோடு இரண்டு மூன்று மணி நேரம் நீராவியில் அவித்து, பிறகு மெதுவாக உலர்த்துவது சிவப்பு ஜின்செங். அவிக்கும்போது மாவுச்சத்து இறுகி, வேர் கண்ணாடி போல் செம்பழுப்பாக மாறும். பல வருடம் கெடாது. ஆறு வருட வேரைத்தான் பெரும்பாலும் இதற்குத் தேர்ந்தெடுக்கின்றனர். கொரியாவில் சிவப்பு ஜின்செங் செய்யும் உரிமை நெடுங்காலம் அரசிடமே இருந்தது. 1996இல்தான் அந்த ஏகபோகம் நீங்கியது.

இந்தப் பயிரில் விளைச்சலைக் காட்டிலும் உலர்த்துவதில்தான் பிழைப்பு இருக்கிறது. அதைக் கனடா நாடு ஒரு காலத்தில் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

கனடாவில் விழுந்த வியாபாரம்

சீனச் சக்கரவர்த்திக்காக நில வரைபடம் தயாரித்து வந்த ஜார்த்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1709இல் மஞ்சூரியாவில் ஜின்செங் செடியைப் பார்த்தார். அதைப் பற்றி 1711இல் எழுதிய கடிதத்தில், இதே போன்ற காடும் மலையும் உள்ள கனடாவிலும் இச்செடி இருக்கக்கூடும் என்று ஊகமாகக் குறிப்பிட்டார். அந்தக் கடிதத்தைக் கனடாவில் இருந்த லஃபித்தோ என்ற மற்றொரு பாதிரியார் படித்தார். மொஹாக் பழங்குடியினரின் உதவியோடு தேடி, 1716இல் மான்ட்ரியல் அருகே அதன் உடன்பிறப்பான அமெரிக்க ஜின்செங்கைக் கண்டுபிடித்தார். செடி அங்கே எக்காலமும் இருந்ததுதான். பழங்குடியினருக்கு அது புதிதல்ல. சீனாவில் விலை போகும் என்பதுதான் புதிது.

வேர் கப்பலேறியது. அக்காலக் கணக்குகளின்படி கியூபெக் நகரில் தொடக்கத்தில் ராத்தல் 2 பிராங்குக்கு வாங்கிய சரக்கு சீனாவில் 25 பிராங்கு வரை விலை போயிற்று. 1749இல் அங்கு பயணம் செய்த சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் பேட்டர் கால்ம் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பழங்குடியினர் எல்லாரும் வேர் தோண்டப் போய்விட்டதால், பிரெஞ்சு விவசாயிகளுக்கு அறுவடைக்குக் கூலியாள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையாம். வேரை உலர்த்தும் முறையையும் அவர் குறித்து வைத்தார். தரையில் பரப்பி, தினம் ஒன்றிரண்டு தடவை புரட்டிவிட்டு, இரண்டு மாதமோ அதற்கு மேலுமோ காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும்.

ஆனால் விலை ஏற ஏறப் பொறுமை குறைந்தது. இலையுதிர் காலத்தில் பழம் முற்றிய பிறகு தோண்ட வேண்டிய வேரை மே மாதமே தோண்டினார்கள். இரண்டு மாதம் நிழலில் காய வேண்டியதை அடுப்பில் வைத்துச் சில நாளில் காய்ச்சி எடுத்தார்கள். மேல்பக்கம் கருகி, உள்பக்கம் பச்சையாக இருந்த அந்தச் சரக்கு 1752இல் மட்டும் 5 லட்சம் பிராங்கு மதிப்புக்கு ஏற்றுமதியானது. சீன வியாபாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். வாங்க மறுத்தார்கள். 1754இல் ஏற்றுமதி 33 ஆயிரம் பிராங்காகச் சரிந்தது. பிறகு நல்ல சரக்கு அனுப்பினாலும் கனடா வேர் என்றாலே கை நீட்டுவார் இல்லை. ஏதாவது ஒன்று தலைகுப்புற விழுந்தால் 'ஜின்செங் போல விழுந்தது' என்று சொல்லும் வழக்கு கியூபெக் மக்களிடம் ஏற்பட்டது.

இடையில் அமெரிக்கர்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள். 1784இல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குச் சென்ற முதல் அமெரிக்க வணிகக் கப்பலில் முக்கியச் சரக்கே சுமார் 30 டன் ஜின்செங்தான். அங்கும் நனைந்து கெட்ட கதை உண்டு. காடு வெட்டிக் குடியேறிய புகழ்பெற்ற டேனியல் பூன் 1788இல் படகு நிறைய வேர் கொண்டு போனபோது, ஓஹையோ ஆற்றில் படகு கவிழ்ந்து பெரும் பகுதி வீணாயிற்று.

கண்ணில் பட்டதையெல்லாம் தோண்டியதில் காட்டு ஜின்செங் அருகிப் போனது. 1975 முதல் அமெரிக்கக் காட்டு ஜின்செங் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காட்டில் தோண்ட அனுமதிக்கும் மாநிலங்கள் பலவற்றில் செப்டம்பருக்கு முன் தோண்டக் கூடாது. பழம் சிவந்திருக்க வேண்டும். அந்தப் பழத்தின் விதையைத் தோண்டிய குழிக்குப் பக்கத்திலேயே ஊன்றிவிட்டு வர வேண்டும். இப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலமும், கனடாவில் ஒன்டாரியோவும் பந்தல் போட்டு இதைச் சாகுபடி செய்கின்றன. விஸ்கான்சின் விவசாயிகள் அறுவடை செய்த வேரை ஏறத்தாழ 38 டிகிரி சூட்டில், காற்றோட்டமுள்ள அறையில், பத்துப் பதினைந்து நாள் வைத்து உலர்த்துகிறார்கள். அடுப்பு அவசரம் இனி அங்கே இல்லை.

மருந்தாக எப்படி?

கிழக்கு ஆசியாவில் களைப்புக்கும், நோய்க்குப் பின் உடல் தேறுவதற்கும், முதியோர்க்கு வலு தரவும் ஜின்செங் கொடுக்கிறார்கள். வேரில் 'ஜின்செனோசைடு' என்னும் பொருள்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். ஆராய்ச்சி முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. புற்றுநோயாளிகளின் களைப்பைப் பற்றி அமெரிக்காவில் 364 பேரிடம் நடந்த சோதனை 2013இல் வெளியாயிற்று. எட்டு வாரம் அமெரிக்க ஜின்செங் சாப்பிட்டவர்களுக்குக் களைப்பு ஓரளவு குறைந்தது என்று அது கூறியது. நோய் குணமானதாக அது சொல்லவில்லை. எல்லா நோய்க்கும் மருந்து என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை.

இரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' மாத்திரை சாப்பிடுவோர் இந்த வேரைத் தொடக்கூடாது. மாத்திரையின் வேலையை இது குறைத்துவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவு தாழ்ந்து போகலாம். சிலருக்குத் தூக்கம் கெடும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

நம் நிலத்திற்கு வருமா?

தமிழ்நாட்டுச் சமவெளியில் வராது. நீண்ட கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் இச்செடி வாழும். விதை முளைக்கவே குளிர் வேண்டும். எனவே ஜின்செங் நாற்று தருகிறோம், விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று எவரேனும் முன்பணம் கேட்டால் விவசாயிகள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தச் செடியைச் சொல்கிறீர்கள் என்பதுதான். ஏனெனில் இந்தப் பெயரை ஒட்டிக்கொண்ட செடிகள் பல. சைபீரிய ஜின்செங் என்பது வேறு செடி, பிரேசில் ஜின்செங் என்பதும் வேறு. அலங்காரத் தொட்டியில் 'ஜின்செங்' என்று விற்பது ஆல இனத்தைச் சேர்ந்த மரக்கன்று. பெயர்க் குழப்பம் பொறுக்காமல் அமெரிக்காவில் 2002இல் சட்டமே போட்டு, பானக்ஸ் இனத்தைத் தவிர வேறெதையும் ஜின்செங் என்ற பெயரில் விற்கக் கூடாது என்றார்கள்.

நம் அமுக்கராவும் அப்படித்தான். அது கத்தரி, தக்காளிக் குடும்பம். ஜின்செங்கிற்கு உறவே இல்லை. வலுவுக்குக் கொடுக்கும் வேர் என்ற ஒற்றுமையில் வந்த பெயர். சித்த மருத்துவத்தில் அமுக்கராக் கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்து உலர்த்திய பிறகே சூரணத்திற்கு எடுக்கிறார்கள். கொரியர்கள் ஆவியில் அவிப்பதும் நம்மவர் பாலாவியில் அவிப்பதும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல.

அமுக்கராவுக்கு ஆறு வருடம் வேண்டாம். ஐந்து, ஆறு மாதம் போதும். பந்தலும் வேண்டாம். தண்ணீர் தேங்காத செம்மண்ணிலும் மணல் கலந்த நிலத்திலும், மற்றப் பயிர் தயங்கும் இடத்திலும் வரும். மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர், நீமச் மாவட்டங்களில் மானாவாரியாக இதைப் பெருமளவில் விளைவிக்கின்றனர். நீமச் சந்தையில் பெரிய வியாபாரம் நடக்கிறது. ஜவகர் அஸ்கந்த்-20, போஷிதா ஆகியவை தேர்ந்த ரகங்கள். விதைப்பதானால் ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை. காய்ந்த வேர் ஏக்கருக்கு 120 முதல் 200 கிலோ வரை கிடைக்கும். ஏட்டில் இதைவிடப் பெரிய கணக்குக் காட்டுபவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். வேலியோரத்தில் தானாக முளைக்கும் நாட்டு அமுக்கராவின் வேர் கட்டையாக நார் ஓடியிருக்கும். மருந்துக் கடைக்காரர் கேட்பது மாவு பிடித்த சீமை அமுக்கரா.

மருந்துக்கு வேர்தான், இலை அல்ல. அமுக்கரா இலையை மருந்துத் தயாரிப்பில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. டென்மார்க் நாடு 2023இல் உணவுப் பொருள்களில் அமுக்கராவையே தடை செய்தது. எனவே எடை கூட்டுவதற்காக இலையையும் தண்டையும் வேரோடு சேர்த்துக் கட்டுபவர், வெளிநாட்டுச் சந்தைக்கு வேட்டு வைக்கிறார்.

அறுவடைக் காலத்தைப் பின்னோக்கி எண்ணித்தான் விதைக்கும் நாளை முடிவு செய்ய வேண்டும். இலை காய்ந்து பழம் செம்மஞ்சளாகும் நேரத்தில் மழை பிடித்தால் வேர் கறுத்துவிடும். நம் பக்கத்தில் தை பிறந்து பனி குறையும் நாட்கள் அதற்கு ஏற்றவை. செடியை முழு வேரோடு பிடுங்கி, கழுத்துக்கு ஒரு விரல் மேலே தண்டை வெட்டிவிட்டு, மண் போக உதறி, ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி மெல்லப் பரப்பிக் காய வைக்க வேண்டும். இரவில் பனி படாமல் மூட வேண்டும். நன்றாகக் காய்ந்த வேரை ஒடித்தால் நார் இழுக்காமல் பட்டென்று ஒடிய வேண்டும். உள்ளே மாவு போல் வெண்மையாக இருக்க வேண்டும். விரல் பருமனுக்கு அருகில் உள்ள கெட்டியான துண்டு முதல் தரம். மெலிந்ததும் உள்ளே கூடு விழுந்ததும் கடைசித் தரம். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டால் வியாபாரி கடைசித் தரத்தின் விலையைத்தான் சாக்கு முழுவதற்கும் போடுவார். தனித்தனியே கட்டிக்கொண்டு போக வேண்டும்.